கடைவீதியும் கொட்டகையும்



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்த வேளையில், மதுரை கீழமாசி வீதியில் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். "எங்க தாத்தா காலத்துல ராத்திரி பதினோரு மணிக்கும் கல்லாவுல ஆள் உட்கார்ந்திருக்கும்னு சொல்றாங்க. இப்ப ஒன்பது மணிக்கே தெரு அடங்கிப் போகுது. என்ன காரணம் அண்ணாச்சி?"

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆன்லைன் வியாபாரம் என்றார் ஒருவர். சூப்பர் மார்க்கெட் என்றார் இன்னொருவர். வண்டி நிறுத்த இடமில்லை என்றார் மூன்றாமவர். எல்லாம் உண்மைதான். நான் சொன்னதைக் கேட்டுத்தான் சிரித்தார்கள். "சினிமாக் கொட்டகைகள் மூடினதும் ஒரு காரணம்" என்றேன். அன்று சிரித்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சரக்கு ஏறும் வரை

என் தகப்பனார் அலங்காநல்லூரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மாதம் இருமுறை கொள்முதலுக்கு மதுரைக்குப் போவார். எனக்குப் பதிமூன்று வயதானதும், மூட்டை எண்ணுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போக ஆரம்பித்தார். அது 1973-ம் ஆண்டு. மீனாட்சி தியேட்டரில் எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' ஓடிக்கொண்டிருந்த சமயம்.

மாலை ஐந்து மணிக்குக் கீழமாசி வீதிக்குப் போய்ச் சேருவோம். அப்பா பழைய பாக்கியைக் கட்டி, புதுச் சிட்டையைக் கொடுப்பார். துவரம்பருப்பு இத்தனை, சீனி இத்தனை, மிளகாய் வற்றல் இத்தனை என்று கணக்குப்பிள்ளை எழுதிக்கொள்வார். அதோடு எங்கள் வேலை முடிந்தது. ஆனால் ஊருக்குத் திரும்ப முடியாது. வீதியில் ஜன நெரிசல் குறைந்த பிறகுதான் லாரி உள்ளே வரும். மூட்டை ஏற்றி முடிக்க நள்ளிரவு தாண்டும். விடியற்காலையில்தான் சரக்கோடு ஊர் திரும்ப முடியும்.

அந்த ஏழெட்டு மணி நேரம் என்ன செய்வது? மொத்தக் கடை முதலாளியே வழி சொல்லுவார். "பையனைக் கூட்டிக்கிட்டுப் படம் பார்த்துட்டு வாங்க. வந்து இங்கேயே திண்ணையில படுத்துக்கலாம்" என்பார். சில நாள் அவரும் கூடவே வருவார். டிக்கெட்டுக்கு அவர்தான் காசு கொடுப்பார். அப்பா மறுத்தால், "அடுத்த சிட்டையில பத்து மூட்டை கூடப் போடுங்க, சரியாப்போகும்" என்று சிரிப்பார்.

அன்று எனக்கு அது வெறும் படம். பிறகு நானே மொத்த வியாபாரத்துக்கு வந்தபோதுதான் அதன் பொருள் விளங்கியது. மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்து, இடைவேளையில் ஒரே பொட்டலத்தில் கடலை தின்றவர்களிடையே ஏற்படுகிற பழக்கம் கல்லா முன்னால் நின்று பேசுவதால் ஏற்படாது. ஒரு வருஷம் எங்கள் பக்கம் மழை பொய்த்தது. விவசாயி கையில் பணம் இல்லை. கடையில் கடன் நின்று போயிற்று. அப்பாவால் பாக்கி கட்ட முடியவில்லை. அந்த முதலாளி ஒரு கையெழுத்துக்கூட வாங்காமல் இரண்டு மாதம் சரக்கு அனுப்பினார். முகம் பார்த்துக் கொடுத்த கடன் அது. அந்த முகத்தை அவர் கடையில் மட்டும் பார்த்துப் பழகவில்லை.

2,563 நாற்காலிகள்

மதுரைக்குத் தூங்கா நகரம் என்று பெயர். பழைய காலத்திலேயே இங்கே பகல் கடைக்கு நாளங்காடி என்றும், இரவுக் கடைக்கு அல்லங்காடி என்றும் தனித்தனியே பெயர் இருந்திருக்கிறது. மதுரைக்காஞ்சியில் இரண்டும் வருகின்றன. இரவில் கடை திறந்திருக்க வேண்டுமானால் இரவில் ஜனம் நடமாட வேண்டும். விழாவும் கூத்தும் இருந்தால்தான் ஜனம் நடமாடும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் தம் பால நாடக சபையை இந்த மதுரையில்தான் தொடங்கினார். 1937-ல் வெளிவந்து பெரும் பெயர் பெற்ற 'சிந்தாமணி' படத்தை எடுத்தது மதுரை ராயல் டாக்கீஸ். அந்தப் படத்தில் கிடைத்த லாபத்தில் கட்டியதுதான் சிந்தாமணி தியேட்டர் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லுவார்கள்.

எல்லாவற்றுக்கும் பெரியது தங்கம் தியேட்டர். மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில், ரயிலடிக்கும் பஸ் நிலையத்துக்கும் நடந்து போகும் தூரத்தில் இருந்தது. 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' படத்தோடு திறந்தார்கள். 2,563 இருக்கைகள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று பெயர் வாங்கியது. நாம் வியாபாரிகள், கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு மூன்று காட்சி நிரம்பினால் 7,689 பேர். அதில் பாதிப் பேர் படம் விட்டதும் நேரே பஸ் ஏறிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மீதிப் பாதி நாலாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவு. அவர்கள் ஒரு டீ, ஒரு பரோட்டா, குழந்தைக்கு ஒரு பலூன், வீட்டுக்கு ஒரு முழம் பூ, கால் கிலோ மிக்சர் என்று வாங்காமல் போவார்களா? இது ஒரு தியேட்டர் கணக்கு. சென்ட்ரல், நியூ சினிமா, இம்பீரியல், கல்பனா, ஆங்கிலப் படத்துக்கு ரீகல் என்று நகருக்குள்ளேயே எத்தனை இருந்தன!

இரண்டாம் ஆட்டம் விடும் நேரத்தில் டவுன்ஹால் ரோட்டில் இட்லிக் குண்டான் ஆவி பறக்கும். பருத்திப்பால் வண்டிக்காரர் மணியடிப்பார். பெட்டிக்கடைகளில் பெட்ரோமாக்ஸ் எரியும். அந்த டீக்கடைக்கும் பரோட்டாக் கடைக்கும் மைதா, சீனி, எண்ணெய் கொடுத்தவர்கள் யார்? நாம்தான். தியேட்டர் வாசலில் விற்ற ஒவ்வொரு டீயிலும் நம் மூட்டைச் சீனி கரைந்தது. இதை நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

இன்று தங்கம் தியேட்டர் இல்லை. அந்த இடத்தில் ஜவுளிக்கடை இருக்கிறது. சிந்தாமணியும் போயிற்று. ஜவுளிக்கடை வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அதுவும் நம் இனந்தான். ஆனால் ஜவுளிக்கடை அடைத்த பிறகு அந்தத் தெருவுக்கு வர யாருக்கும் காரணம் இல்லை.

நம் ஊர் அறிந்த பாடம்

நகரத்துக் கதை நமக்கெதற்கு என்று அலங்காநல்லூர், பாலமேடு, சோழவந்தான் பக்கத்துக் கடைக்காரர்கள் நினைக்கலாம். இந்தப் பாடத்தை நம்மைவிட நன்றாகப் படித்தவர்கள் வேறு யாரும் இல்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2015, 2016 இரண்டு பொங்கலுக்கும் நம் வாடிவாசல் திறக்கவில்லை. காளை வளர்த்தவர் கண்ணீரை ஊர் உலகம் பேசியது. கடைக்காரர் பட்ட பாட்டை யாரும் பேசவில்லை. பொங்கலுக்கு என்று வாங்கி அடுக்கிய வெல்லமும் தேங்காயும் விற்றுவிட்டன. ஆனால் வெளியூர்க் கூட்டத்தை நம்பி வாங்கிய சர்பத், பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாம் தேங்கிப் போயின. ஒரு நாள் கேளிக்கை நின்றதற்கே இந்தக் கதி. வருஷம் 365 நாளும் நடந்த கேளிக்கை நின்றால் ஒரு கடைவீதி என்ன ஆகும்?

வெளிநாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்லலாம். லண்டன் நகரின் நடுவே கோவென்ட் கார்டன் என்ற இடத்தில் பெரிய காய்கறி, பழ மொத்த மார்க்கெட் இருந்தது. பக்கத்திலேயே நாடகக் கொட்டகைகளும் இசை நாடக அரங்கும் உண்டு. இட நெருக்கடியால் 1974-ல் மார்க்கெட்டை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அரங்குகள் அங்கேயே இருந்தன. பழைய மார்க்கெட் கட்டடத்தை இடிக்காமல் பழுதுபார்த்து, 1980-ல் சில்லறைக் கடைகளாகத் திறந்தார்கள். நாடகம் பார்க்க வருகிறவர்களும் ஊர் சுற்ற வருகிறவர்களும் அந்தக் கடைகளுக்குள் நுழையாமல் போவதில்லை. மொத்த வியாபாரம் போன பிறகும் இடம் செத்துப் போகவில்லை.

என் பேரேட்டில் விழுந்த பிழை

இவ்வளவு பேசுகிற நான் என் கடையில் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குப் பிறகு கடை என் கைக்கு வந்தது. பெரிதாக வளர்க்க வேண்டும் என்ற வெறி. "சினிமாவுக்குப் போகிறவன் கல்லாவைக் கெடுப்பான்" என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். வாரம் ஏழு நாளும் கடை. பொங்கலன்று மட்டும் அரை நாள் லீவு.

என் கடையில் ஒரு பையன் இருந்தான். பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவன். கை சுத்தம். தராசு பிடித்தால் ஒரு பருப்பு கூடாது, குறையாது. ஒரு தீபாவளிக்கு மறுநாள், "முதலாளி, மதியம் மதுரைக்குப் போய் ஒரு படம் பார்த்துட்டு வர்றேன்" என்று கேட்டான். சரக்கு வரும் நாள், முடியாது என்றேன். சொல்லாமல் போய்விட்டான். அந்த வாரச் சம்பளத்தில் இரண்டு நாள் கூலியைப் பிடித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தை பிறந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்குப் பிறகு வந்த ஆட்களிடம் நான் இழந்த சரக்குக்கும் பணத்துக்கும் கணக்கே இல்லை. பல வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவரைச் சந்தித்தேன். இப்போது அவரும் ஒரு கடைக்கு முதலாளி. பழசைப் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: "படம் பெரிசில்லைங்க முதலாளி. வருஷத்துல ஒரு நாள் போயிட்டு வாடான்னு நீங்க வாய் திறந்து சொல்லணும்னுதான் இருந்தது." இரண்டு நாள் கூலியை மிச்சம் பிடித்து, ஒரு நல்ல மனிதரை நஷ்டம் எழுதினேன்.

கடைப் பணியாளருக்கு வாரம் ஒரு நாள் முழு விடுமுறை தர வேண்டும் என்பது 1947-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்கு என்று அதை நோட்டில் எழுதி வைத்திருந்தோம். மனதில் எழுதிக்கொள்ளவில்லை.

போன வருஷம் பார்த்த படம்

என் மனைவியையும் நான் இப்படித்தான் வைத்திருந்தேன். கல்யாணமான புதிதில் தங்கம் தியேட்டருக்கு ஒரு முறை அழைத்துப் போனதோடு சரி. போன வருஷம் பேரப்பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கவே, எல்லோருமாக மதுரையில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் இருக்கும் தியேட்டருக்குப் போனோம். குளிர்சாதன வசதி, மெத்தை நாற்காலி, கண்ணாடி போல் தரை. குறை சொல்ல ஒன்றுமில்லை. இடைவேளையில் பேரன் பாப்கார்ன் கேட்டான். ஒரு வாளி முந்நூறு ரூபாய்க்கு மேல். அதில் இருந்த சோளம் நூறு கிராம் தேறினால் அதிகம். நம் கடையில் அந்தச் சோளத்துக்கு இருபது ரூபாய் கேட்டால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார்!

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்று நம்மவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அச்சிட்ட பொட்டலமாக இருந்தால், ஒரே சரக்குக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு அதிகபட்ச விலை அச்சிடக் கூடாது என்ற விதி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பாப்கார்ன் போன்று அங்கேயே செய்து கொடுக்கும் பண்டத்துக்கு அந்தக் கட்டு இல்லை. வெளியிலிருந்து தின்பண்டம் கொண்டுவரக் கூடாது என்று சொல்ல தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நல்ல குடிநீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், கைக்குழந்தைக்கு வேண்டிய உணவைத் தடுக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் பாப்கார்ன் கணக்கையே பேசிக்கொண்டு வந்தேன். மனைவி சொன்னாள்: "என்னங்க, அந்த நாற்காலியில உட்கார்ந்த மூணு மணி நேரமும் அடுப்பு ஞாபகமும் வரலை, கடை ஞாபகமும் வரலை. அதுக்கு என்ன விலை போடுவீங்க?" என்னிடம் பதில் இல்லை.

பிறகு யோசித்தேன். அவர்கள் சோளத்தை விற்கவில்லை. உட்கார இடத்தையும் கவலை மறந்த நேரத்தையும் விற்கிறார்கள். பழைய கீழமாசி வீதி முதலாளிகள் அதையே திண்ணையும் டிக்கெட்டுமாக இலவசமாகக் கொடுத்து வியாபாரத்தைப் பிடித்தார்கள். இன்று நம்மில் எத்தனை கடையில் வாடிக்கையாளர் உட்கார ஒரு ஸ்டூல் இருக்கிறது? பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் சட்டமே திருத்த வேண்டி வந்ததே!

என்ன செய்யலாம்

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கேளிக்கை என்று நான் சொல்வது குடும்பத்தோடு போகக்கூடிய இடங்களை. மதுக்கூடத்தையும் சீட்டாட்டக் கிளப்பையும் அல்ல. அவை கல்லாவைக் காலி செய்தவைதான். நம் பெரியவர்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் பூச்சி அரிக்கும் என்று பயந்து பருப்பே வாங்காமல் கடை நடத்த முடியுமா?

தங்கம் தியேட்டர் திரும்பி வரப்போவதில்லை. கைப்பேசியிலேயே படம் வந்துவிடுகிறது. சிட்டையும் கைப்பேசியிலேயே போய்விடுகிறது. சரக்கு வீடு தேடி வருகிறது. ஆகையால் மொத்த வியாபாரியும் சில்லறை வியாபாரியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே வருஷமாகிறது. பாக்கி தவறினால் போனில் சண்டை, அடுத்த நாள் வேறு கடை. இந்த நிலை மாற என் மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, மொத்த வியாபாரிகள் ஆண்டுதோறும் கொடுக்கும் எவர்சில்வர் பாத்திரம், காலண்டர் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, தம் சில்லறை வாடிக்கையாளர்களைக் குடும்பத்தோடு ஒரு நாள் மதுரைக்கு அழைக்கட்டும். சித்திரையில் தமுக்கத்தில் பொருட்காட்சி இருக்கிறது. நாயக்கர் மகால் இருக்கிறது. பிள்ளைகளுக்கு, 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் நத்தம் சாலையில் இருக்கிறது. மாலையில் ஒரு படம், இரவில் ஒன்றாகச் சாப்பாடு. மே 5 வணிகர் தினத்தன்று கூடி மாநாடு நடத்துகிறோம். அது கோரிக்கைக்கான நாள். இது உறவுக்கான நாளாக இருக்கட்டும்.

இரண்டாவது, வார விடுமுறையை உண்மையாகவே விடுவோம். தெருவில் ஒருவர் திறந்தால் மற்றவரும் திறக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் தெருவாரியாகக் கூடி ஒரே நாளை முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். சங்கம் எதற்கு இருக்கிறது?

மூன்றாவது, நகரின் நடுவே மிச்சமிருக்கும் சிறிய தியேட்டர்கள் மூடாமல் இருப்பதில் நமக்கும் அக்கறை வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அதற்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீதமே தொடர்கிறது. சிறிய தியேட்டருக்கு இது ஒரு மூச்சு. அதோடு, இரவில் ஜனம் வர வேண்டுமானால் மாசி வீதிகளில் வெளிச்சம் வேண்டும், பெண்கள் போகத்தக்க கழிப்பிடம் வேண்டும், இரண்டாம் ஆட்டம் பார்த்தவர் கிராமத்துக்குத் திரும்பப் பஸ் வேண்டும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்க அரசு 2022-லும், பிறகு 2025-லும் அனுமதி தந்தது. மூன்று பேரை வைத்துக்கொண்டு நடத்தும் டீக்கடைக்கும் பெட்டிக்கடைக்கும் இரவு வியாபாரத்துக்கு வழி வேண்டும். இந்தக் கோரிக்கைகளை நம் சங்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொட்டகைக்காரர் சங்கத்தோடு சேர்ந்தே கொடுக்கலாம். அவர்கள் கூட்டம் நம் கூட்டம்.

அடுத்த மாதம் என் கடையிலிருந்து இதைத் தொடங்குகிறேன். கடையில் வேலை செய்யும் ஆறு பேரும், எங்களிடம் சரக்கு எடுக்கும் நாலு ஊர்க் கடைக்காரர்களும் குடும்பத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதுரைக்கு வருகிறார்கள். அன்று கடைக்கு முழு விடுமுறை. எங்கள் கடையிலிருந்து விலகிப்போன அந்தப் பழைய நண்பரையும் வீடு தேடிப் போய் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். டிக்கெட்டுக்கு நான்தான் காசு கொடுப்பேன் என்று முன்பே சொல்லிவிட்டேன். பிடித்த இரண்டு நாள் கூலிக்கு அது ஈடாகாது. இருந்தாலும் பழைய பாக்கியில் ஒரு வரவாவது எழுதலாம்.